வெள்ளிக்கிழமைக் கணக்கும் சம்பல் என்ற பூனையும்

அனுபவங்களை எழுதித் தா என்று கேட்ட நம் சங்கத்துக்காரர்கள் என் வயதைக் கேட்கவில்லை. இருபத்தாறு. தலையில் ஒரு நரைகூட இல்லை. ஆனால் அடுத்த மாதம் வேலைக்காகத் துலூஸ் நகரத்துக்குப் போகிறேன். லா ஷாப்பல் பகுதியின் தெருப்பூனைகள் இனி, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் பொறுப்பு. ஆகவே இந்தப் பகுதியைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்கள் நீட்டி முழக்கலாம் என்பது எல்லாத் தொழிலிலும் உள்ள சலுகை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொறிக்கூட்டை எங்கே வைப்பது, கதவு விழுந்ததும் எப்படித் தூக்குவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். வீடில்லாத பூனையைப் பிடிக்கிறோம், மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்விக்கிறோம், காதில் அடையாளம் பச்சை குத்தி, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுகிறோம். அவ்வளவுதான் வேலை. பயிற்சியில் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ஒரு பூனையைப் பிடிக்க வேண்டுமானால், அதற்குச் சாப்பாடு வைக்கிறவர் எந்தக் கிழமையில் என்ன சமைக்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வயிறு நிறைந்த பூனை கூட்டுக்குள் போகாது. மற்றப் பகுதிகளில் வேலை செய்கிற நம் ஆட்கள், சாப்பாடு வைக்கிற பாட்டிமாரிடம் "ஒரு நாள் மட்டும் வைக்காதீர்கள்" என்று கெஞ்சுவார்கள். அவர்கள் தலையாட்டிவிட்டு, பாவம் பார்த்து, ஒளித்து ஒளித்து வைப்பார்கள். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் நான் பார்த்துக்கொண்ட முற்றத்துப் பூனைகளுக்குச் சாப்பாடு வைத்தவர், முற்றத்தை ஒட்டியிருந்த சாப்பாட்டுக் கடைக்காரர் சிவா அண்ணை. யாழ்ப்பாணத்து ஆள். செவ்வாயும் வெள்ளியும் அவருடைய சமையலறையில் மீன் வாசம் வராது. செவ்வாயில் எனக்கு வேலை. வெள்ளி மாலையில் கூட்டையும் சாளைமீன் டின்னையும் தூக்கிக்கொண்டு போவேன். முதல் நாள் மீன்தலையோடு சரி, பூனைகள் நல்ல பசியில் இருக்கும். ஒவ்வொன்றாக உள்ளே போகும். என் வெள்ளிக்கிழமைக் கணக்கைக் கூட்டங்களில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். பிரெஞ்சுக்காரத் தோழர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

"எனக்குப் பூனையும் பிடியாது, ஒண்டும் பிடியாது," என்பார் சிவா அண்ணை. "மீன்தலையைக் குப்பையிலை போட மனம் வருகுதில்லை. அதுக்குத்தான் வைக்கிறன்." சொல்லிக்கொண்டே தலையில் இருந்த முள்ளை விரலால் எடுத்துவிடுவார்.

ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். கறுப்பும் செம்மஞ்சளும் அங்கங்கே வெள்ளையும் கலந்து, அரைத்து முடிக்காத தேங்காய்ச் சம்பல் மாதிரி இருப்பாள். சம்பல் என்றுதான் சிவா அண்ணை கூப்பிடுவார். கூட்டைச் சுற்றி வருவாள், முகர்ந்து பார்ப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து கால் நக்குவாள். உள்ளே மட்டும் வரமாட்டாள். கிட்டத்தட்ட ஒரு வருடம்.

"என்ன பிள்ளை, இண்டைக்கும் வெறுங்கூடோ? உவள் உன்னைவிடப் படிச்சவள்."

அந்த மாசி மாதத்தில் கட்டட நிர்வாகம் வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டியது. எலித் தொல்லையாம். முற்றத்தின் சுவரடியில் நிலவறைகளுக்குக் காற்றுப் போகிற துவாரங்கள் இருக்கின்றன அல்லவா, அவை அனைத்தையும் திங்கட்கிழமை அடைக்கப்போகிறார்களாம். சம்பல் வருவதும் போவதும் அந்தத் துவாரங்களால்தான். அவள் உள்ளே இருக்கும்போது அடைத்துவிட்டால்? நிலவறை அறைகள் எல்லாம் பூட்டியவை. சொந்தக்காரர் பாதிப்பேர் ஆண்டுக்கு ஒருமுறை இறங்கினால் பெரிது.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை அவளைப் பிடித்தே ஆக வேண்டும். சாளையோடு கொஞ்சம் டூனாவும் வைத்தேன். குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். சம்பல் வந்தாள். முகர்ந்தாள். பிறகு கூட்டின் கூரையில் ஏறிப் படுத்து முகம் கழுவினாள். பசியின் அறிகுறி ஒன்றும் இல்லை. மாறாகக் கொட்டாவி விட்டாள்.

எனக்கு விளங்கவே இல்லை. சிவா அண்ணையிடம் ஓடினேன். "அண்ணை, இண்டைக்கு ஏதும் மீன் வைச்சனீங்களோ?"

"வெள்ளிக்கிழமையிலையோ? என்ன கதை கதைக்கிறாய்?" அவர் உண்மையிலேயே புண்பட்டுவிட்டார்.

மறுநாள்தான் விடை கிடைத்தது. முற்றத்தில் சைக்கிள் கொட்டகை ஒன்று. அதன் கூரைக்கு நேர் மேலே முதல் மாடி ஜன்னல். அந்த ஜன்னலில் இருந்தவர் மதாம் செலின். புதுச்சேரிக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் கூட்டோடு நிற்பதைப் பார்த்து, "எம் மத்மொசேலைப் புடிக்கவா வந்த?" என்றார்.

"மத்மொசேலா? எந்தக் குமரி?"

"அதான் அந்த மூணு கலர்க்காரி. இப்ப கரேம் ஆரம்பிச்சாச்சில்ல? வெள்ளிக்கிழம சுத்தபோசனம், கறி கெடையாது, மீன்தான் ஆக்குவேன். தலையும் வாலும் அவளுக்குத்தான்." கூரையைக் காட்டினார். பீங்கான் தட்டு ஒன்று, நக்கியே பளபளப்பாக்கப்பட்டுக் கிடந்தது. "கீழ கடைக்காரர் வெள்ளிக்கிழம மீன் தொடமாட்டாராமே. பாவம், பசியோட இருக்குமேன்னு ரெண்டு துண்டு கூடவே வெப்பேன்."

கரேம் என்றால் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். அது ஒரு பூனையின் வயிற்றை நிரப்பும் என்று யாரும் படிப்பிக்கவில்லை. நான் இந்த முற்றத்துக்கு வந்தது போன வருட ஈஸ்டர் கழிந்த பிறகு. சிவா அண்ணையின் வெள்ளிக்கிழமையை மட்டும் வைத்து ஒரு விதியே கட்டிவிட்டேன். தலைக்கு மேலே ஒரு ஜன்னல் தள்ளி இன்னொரு வெள்ளிக்கிழமை நடந்துகொண்டிருந்தது. உங்களுக்கும் ஏதாவது ஒரு விதி தொடர்ந்து பலித்தால், கூட்டங்களில் சொல்வதற்கு முன்னால் மேலே ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

மதாமிடம் நிலைமையைச் சொன்னேன். அன்று சனிக்கிழமை முழுவதும் தட்டு வைப்பதில்லை என்று மாதாவின் பேரில் வாக்குக் கொடுத்தார். சிவா அண்ணையும் ஒத்துக்கொண்டார். அவர் வாக்கு ஏதும் கொடுக்கவில்லை. கடையின் பின்கதவைச் சாத்திவிட்டு, முற்றத்துப் பக்கமே பார்க்காமல் சமைத்தார்.

ஞாயிறு காலை. மதாம் பூசைக்குப் போக உடுத்துக்கொண்டு படியிறங்கி வந்த நேரம், கூட்டின் கதவு விழுந்தது.

ஒரு வருடம் காத்திருந்த சத்தம் அது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. துவாயை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூட்டை உடனே துணியால் மூடினால் பூனை அமைதியாகும். அதை உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். சரிதான். ஆனால் மூடுவதற்கு முன் வயிற்றைப் பாருங்கள். நான் பார்த்தேன். சம்பல் கம்பியில் நிமிர்ந்து பாய்ந்தபோது தெரிந்தது. வயிற்று மயிர் வட்டம் வட்டமாக ஒதுங்கி, காம்புகள் ஈரமாய்ச் சிவந்திருந்தன. பால் கொடுக்கிற தாய். இவ்வளவு நாளும் அவள் வயிறு பெருத்ததைப் பார்த்து, குளிரில் மயிர் தடித்திருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். சிவா அண்ணையும் மதாமும் அது தத்தம் சாப்பாட்டால் வந்த சதை என்று உள்ளூரப் பெருமைப்பட்டிருந்தார்கள்.

"பிடிச்சாச்சோ!" சிவா அண்ணை கரண்டியோடு வெளியே வந்தார்.

"அண்ணை, குட்டி போட்டிருக்கிறாள்."

"குட்டியள் எங்கையாம்?"

"அதுதான் தெரியேல்லை. கீழை எங்கையோ."

"அப்ப இவளைக் கொண்டு போ. பிறகு குட்டியளைத் தேடுவம்."

"எத்தினை அறை இருக்கு அண்ணை? இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆரிட்டைப் பூட்டுத் திறப்பு வாங்கிறது? பால் இல்லாமல் கிடக்குமுங்கள்."

"உனக்கென்ன விசரே? ஒரு வருசமா இவளுக்குப் பின்னாலை திரியிறாய். திறந்து விட்டியெண்டால் சீவியத்துக்கும் உந்தக் கூட்டுக்குக் கிட்ட வரமாட்டாள். நாளைக்கு அடைக்கப்போறாங்கள். தாயாவது மிஞ்சட்டும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் கஷ்டம். மதாம் கையுறையைக் கழற்றியபடி, "தொறந்து உடு, மா பெத்தீத், எங் கொழந்த. தாய் கத்துறது கேக்கல?" என்றார். அதிலும் பிழை இல்லை.

இந்த வேலையில் இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். இரண்டு பக்கமும் அன்பானவர்கள் நிற்பார்கள். இரண்டு பேரும் சரியாகச் சொல்வார்கள். கை மட்டும் உங்களுடையது. அந்த நேரத்தில் நான் என்னையே கேட்டது ஒரே கேள்வி: குட்டிகள் எங்கே என்று தெரிந்தவர் இங்கே யார்? எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சம்பலுக்குத் தெரியும். தெரிந்தவளைப் பூட்டி வைத்துவிட்டுத் தெரியாதவர்கள் தேடுவதில் என்ன நியாயம்?

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நில்லுங்கோ. எந்த ஓட்டையிலை போறாளெண்டு மட்டும் பாருங்கோ," என்றேன். கதவைத் தூக்கினேன்.

சம்பல் ஒரு கோடு மாதிரித்தான் தெரிந்தாள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த துவாரத்துக்குள் புகுந்து மறைந்தாள். மதாம் கைதட்டினார். சிவா அண்ணை அசையவில்லை. வாய் திறந்தபடி அந்தத் துவாரத்தையே பார்த்தார்.

"உது என்ர காவ் எல்லோ!"

காவ் என்று இங்கே நாங்கள் எல்லோரும் சொல்வது அந்த நிலவறை அறையைத்தான். சிவா அண்ணை கடையோடு சேர்த்துக் கலியாண மணவறைச் சோடனைச் சாமான்களையும் வாடகைக்குக் கொடுப்பவர். பொன்நிறத் தூண்கள், சிவப்பு வெல்வெட்டுத் திரை, மாப்பிள்ளை பொம்பிளை இருக்கிற மெத்தைகள், எல்லாம் அந்த அறையில்தான். மாரிக் குளிரில் கலியாணம் குறைவு. அவர் கொஞ்ச நாளாக இறங்கவே இல்லை.

சிவா அண்ணையின் திறப்புக் கொத்தோடு இறங்கினோம். நான் கதவை ஒரு விரற்கடைதான் திறக்க விட்டேன். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தோம். வெல்வெட்டுத் திரைக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறை கிழிந்த மெத்தையில், சம்பல் படுத்திருந்தாள். அவளோடு ஒட்டிக்கொண்டு நான்கு குட்டிகள். கண் திறந்துவிட்டன. நடக்கத் தொடங்கவில்லை. சம்பல் எங்களைப் பார்த்துச் சீறினாள். கதவை உடனே மூடினேன். ஒரு படமும் எடுக்கவில்லை. எடுக்காதீர்கள். ஆட்கள் வந்துபோகிற இடம் என்று தாய்க்குப் பட்டால், குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறெங்காவது போய்விடுவாள். பிறகு தேட முடியாது.

படிக்கட்டில் நின்று சிவா அண்ணை தலையில் கை வைத்தார். "மணவறையிலை, கலியாணத்துக்கு முதலே பிள்ளைப்பேறு! சனிக்கிழமை சோடனை இருக்கு. பொம்பிளை வீட்டாருக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"நல்ல சகுனம் எண்டு சொல்லுங்கோ அண்ணை."

"வாயை மூடு!" என்றார். தானும் சிரித்துவிட்டார்.

திங்கள் காலை நிர்வாகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரே ஒரு துவாரத்தை மட்டும் சில வாரம் விட்டுவையுங்கள் என்று கேட்டேன். குடியிருப்பாளர்கள் வாக்களித்து முடிவெடுத்தாகிவிட்டது, விதிவிலக்கு இல்லை என்றார்கள். இன்னொருமுறை எடுத்தேன். அதே பதில். குரல் உயர்ந்துவிட்டது, என்னுடைய குரல். அதற்குள் துவாரம் அடைக்கிற மேசன் வந்துவிட்டார். போர்த்துக்கீசக்காரர், சாந்தமான மனிதர். வண்டியிலிருந்து சாமான்களை இறக்கினார். அவர் முன்னால் போய் நின்று பேசத் தொடங்கினேன். அவர் ஒரு சட்டத்தைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். பேச்சை நிறுத்தினேன்.

அது கம்பி வலை.

"சீமெந்து போட்டு அடைக்கவில்லையா?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். காற்றுப் போகாவிட்டால் நிலவறை முழுக்கப் பூஞ்சணம் பிடிக்காதா, எலி போகக்கூடாது, காற்றுப் போகலாம் என்றார்.

தாய் வெளியே இருக்கும்போது அந்த வலை விழுந்தால் குட்டிகளுக்குப் பால் இல்லை. தாய் உள்ளே இருக்கும்போது விழுந்தால்? காற்று இருக்கிறது. பூட்டிய கதவு இருக்கிறது. திறப்பு சிவா அண்ணையின் இடுப்பில் இருக்கிறது. தாயையும் குட்டிகளையும் பால் மறக்கும்வரை ஒன்றாக வைத்திருக்க ஓர் அமைதியான அறை வேண்டும் என்றுதான் நம் சங்கத்தில் எப்போதும் ஏங்குகிறோம். அந்த அறையைச் செய்து தருவதற்கு ஒருவர் கருவிகளோடு வந்து நிற்கிறார். நான் அவரை மறித்துக்கொண்டு நிற்கிறேன்.

சிவா அண்ணையிடம் சொன்னேன். இதுவரை அவரிடம் கேட்டதெல்லாம் சாப்பாடு வைக்காதீர்கள் என்பது மட்டும்தான். இப்போது அறையையே கேட்டேன், மெத்தையோடு. சனிக்கிழமைச் சோடனை அவர் தலையில் இருக்கும்போது. அவர் கடைப் பக்கம் திரும்பினார். உள்ளே போனார். பொரித்த மீனின் வாசம் வந்தது. தட்டோடு திரும்பினார். "லா கூர்நெவ் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் சோடனைச் சாமான் வைச்சிருக்கிறான். அவனிட்டைக் கேட்டுப் பாக்கிறன். நீ இதைக் கொண்டுபோய் உள்ளுக்கு வை."

அந்த நேரம் சம்பல் மதில்மேல் இருந்தாள். ஞாயிறு நடந்ததை அவள் மறக்கவில்லை. என்னைக் கண்டதும் இன்னும் மேலே ஏறினாள். நான் தட்டை அறைக்குள் வைத்துவிட்டு, முற்றத்தை விட்டே வெளியேறினேன். அவளுக்குப் பயம் என்னிடம்தானே. மேசனும் சிவா அண்ணையும் குழாயடியில் சிகரெட் பிடிக்கிற இரண்டு பேராக நின்றார்கள். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி அரைகுறைப் பிரெஞ்சு. சம்பல் உள்ளே போனதும் மதாம் ஜன்னலில் இருந்து அவர்களுக்குக் கையால் சைகை காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. தெருவில் நின்று அந்த ஜன்னலை என்னால் பார்க்க முடியாது. வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். கூட்டுக்குப் பக்கத்தில் நிற்காமல் இருப்பதும் நம் வேலையில் ஒரு பகுதி. எனக்கு அதுதான் எப்போதும் வராது.

பிறகு அவர்கள் சொன்னது: சம்பல் இறங்கி வந்தாள், துவாரத்தின் வாயில் நின்று இரண்டு ஆண்களையும் ஒருமுறை அளந்தாள், மீன் வாசத்தைத் தொடர்ந்து உள்ளே போனாள். மதாமின் கை அசைந்தது. மேசன் துளைக்கும் இயந்திரத்தைத் தொடவே இல்லை. ஒரு பலகையை எடுத்து, பிள்ளை தூங்குகிற அறைக் கதவைச் சாத்துவதுபோலத் துவாரத்தில் சாத்தி, சாந்து மூட்டையை மெல்ல முண்டுகொடுத்தார்.

"வா பிள்ளை!"

நான் நிலவறைப் படியில் பாய்ந்து இறங்கிக் கதவிடுக்கில் பார்த்தேன். தாய், நான்கு குட்டிகள், பாதி காலியான தட்டு. மேலே குரல் கொடுத்தேன். இயந்திரம் தொடங்கியது. சம்பல் தூணில் பாய்ந்தாள், திரையில் தொங்கினாள், அறையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து சமாதானப்படுத்த முடியாது. நான் படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். சத்தம் ஓய்ந்தது. நெடுநேரம் கழித்துப் பார்த்தேன். மெத்தையில் படுத்திருந்தாள். குட்டிகள் குடித்துக்கொண்டிருந்தன. அவள் கண்கள் மட்டும் கதவிடுக்கில் இருந்தன. அப்படி ஒரு வெறுப்பை நான் மனிதர்களிடம்கூடப் பார்த்ததில்லை.

அந்த வாரங்களில் சிவா அண்ணைதான் காலையும் மாலையும் தட்டோடு இறங்கினார். செவ்வாய்க்கு நான் டின் வாங்கி வைத்தேன். வெள்ளிக்கு மதாம் விடவில்லை. கரேம் மீனோடு அவரே கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்குவார். சிவா அண்ணை பூட்டைத் திறந்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார்.

"மீன் உங்களைக் கடிக்காது, மொசியே."

"என்னைக் கடிக்காது மதாம். முருகனுக்குத்தான் பதில் சொல்ல வேணும்."

ஒரே முற்றத்தில் ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள். ஒரே பூனைக்கு இரண்டு பெயர் வைத்து வளர்த்தவர்கள். அதுவரை பொன்ஜூர் என்ற வணக்கத்துக்கு மேல் பேசியதில்லையாம்.

குட்டிகள் தாமாகச் சாப்பிடத் தொடங்கியதும் வீடுகள் தேடினோம். மனிதக் கையோடு பழகியதால் நான்குக்கும் கிடைத்தது. ஒன்றை மேசன் வந்து கொண்டுபோனார். சீமெந்து என்று அவர்கள் மொழியில் பெயர் வைத்திருக்கிறாராம். சிவா அண்ணை ஒன்றையும் எடுக்கவில்லை. தனக்குப் பூனை பிடியாது என்பதை அவர் இன்னும் கைவிடவில்லை. ஆனால் அந்த மெத்தையைத் திரும்ப வாடகைக்குக் கொடுக்கவும் இல்லை.

சம்பலை அந்த அறைக்குள்ளேயே கூட்டில் பிடித்தோம். கருத்தடை முடிந்து, காதில் அடையாளத்தோடு, தேறிய பிறகு முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். மதாம் ஜன்னலில். சிவா அண்ணை பின்கதவில். துவாயை எடுத்தேன், கதவைத் தூக்கினேன்.

இனி அவளை யாரும் பிடிக்க வேண்டியதில்லை. வயிறு பெருத்து இருட்டில் இடம் தேட வேண்டியதில்லை. இந்த முற்றம் அவளுடையது, இரண்டு வீட்டுச் சாப்பாடும் அவளுடையது. என்னைக் கண்டு ஓடுவதற்கு அவளுக்கு இனி ஒரு காரணமும் இல்லை. அது அவளுக்குத் தெரியாதே. ஓடினாள், மதில் ஏறி, கொட்டகைக் கூரையில் பாய்ந்து, என்னால் எட்டவே முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு சீறினாள். வெறுங்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.